50 அடி தள்ளி நிறுத்துங்க!

புது கார் வாங்கினால் கம்பெனியிலிருந்து என்ன வரும்? ஒரு நன்றிக் கடிதம் வரும். ஃப்ரீ சர்வீஸ் தேதி வரும். 2021 செப்டம்பரில், அமெரிக்காவில் ஷெவர்லே போல்ட் வைத்திருந்தவர்களுக்கு வந்த சேதி வேறு மாதிரி.

பொது பார்க்கிங்கில் விட்டால் பக்கத்து காரிலிருந்து 50 அடி தள்ளி விடுங்கள். ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சார்ஜ் ஏறியதும் வண்டியை வெளியே நிறுத்திவிடுங்கள். பேட்டரியை 90 சதவிகிதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். இன்னும் 113 கிலோமீட்டர்தான் ஓடும் என்ற நிலைக்குக் கீழே இறங்கவும் விட வேண்டாம்.

காரா, தீபாவளி வெடியா?

இந்தக் காரைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸுக்கும் மின்சாரத்துக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1996-ல் 'இ.வி.1' என்று ஒரு மின்சாரக் கார் விட்டார்கள். விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். செய்ததே 1,117 வண்டி. பிறகு மனசு மாறி, ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் கெஞ்சியும் கேட்காமல் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டார்கள். 2006-ல் அதைப் பற்றி டாகுமெண்டரியே வந்து, கம்பெனியின் மானம் கப்பலேறியது.

அந்தக் கறையைக் கழுவ வந்ததுதான் போல்ட். 2016 கடைசியில், டெஸ்லாவின் மாடல் 3 வருவதற்கு ஏழு மாதம் முந்தியே கடைக்கு வந்துவிட்டது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் 383 கிலோமீட்டர். விலை 37,495 டாலர். 2021 பிப்ரவரியில் அதன் தம்பியை அறிமுகப்படுத்தினார்கள்: போல்ட் இ.யு.வி. எஸ்.யு.வி. என்று நேராகச் சொல்லக் கொஞ்சம் கூச்சம் போலிருக்கிறது. முன் சக்கரம் மட்டுமே இழுக்கும் வண்டி, காடு மலையெல்லாம் ஏறாது. ஆனால் அண்ணனைவிட ஆறு அங்குலம் நீளம், பின் சீட்டில் கால் நீட்ட மூன்று அங்குலம் கூடுதல் இடம். விலையோ அண்ணனின் ஆரம்ப விலையைவிடக் குறைவு, 33,995 டாலர்.

கடைக்கு வந்த சூட்டோடு பேட்டரி விவகாரம் வெடித்தது. செல்களை எல்.ஜி. கம்பெனி செய்து கொடுத்தது. ஒரு செல்லுக்குள் இரண்டு கோளாறு சேர்ந்து வர வேண்டும்: நெகடிவ் முனையின் பட்டை கிழிந்திருக்க வேண்டும், நடுவில் இருக்கும் பிரிப்புத் தாள் மடிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தீ. ஓடிய வண்டிகளில் எரிந்தது மிகச் சின்னப் பங்குதான். ஆனால் எது எரியும் என்று யாருக்குத் தெரியும்? 2021 ஆகஸ்டில் புதுசு, பழசு பார்க்காமல் செய்த அத்தனையையும் திரும்ப அழைத்தார்கள். சுமார் 1 லட்சத்து 42 ஆயிரம் வண்டி. செலவு ஏறத்தாழ 200 கோடி டாலர். அதில் 190 கோடியை எல்.ஜி. ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலை 2022 ஏப்ரல் வரை பெரும்பாலும் மூடிக் கிடந்தது.

இதோடு போல்ட் காலி என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ். 2022 ஜூனில் இ.யு.வி.யின் விலையை ஒரேயடியாக 27,200 டாலருக்கு இறக்கினார்கள். 2023-ல் 7,500 டாலர் வரிச்சலுகையும் சேர்ந்தது. கைக்கு வந்து சேரும்போது 20,000 டாலர் சொச்சம். (அந்தச் சலுகை முழுசாகக் கிடைக்க அந்த அளவுக்கு வரி கட்டுகிறவராக இருக்க வேண்டியிருந்தது. வரிச்சலுகை என்றால் எல்லா ஊரிலும் இப்படி ஒரு கொக்கி இருக்கும்!) பெட்ரோல் கார் விலையில் மின்சாரக் கார். கூட்டம் அம்மியது. 2023-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற மின்சார வண்டி சுமார் 76,000. அதில் போல்ட் மட்டும் 62,000!

அதே வருஷம் ஏப்ரலில் தலைவர் மேரி பர்ரா அறிவித்தார்: வருஷக் கடைசியோடு போல்ட் நிறுத்தம்.

ஓடுகிற குதிரையை யாராவது சுடுவார்களா? நான் பி.காம். படித்தவன், எனக்கு இதில் ஆச்சரியம் கம்மி. விற்பனை வேறு, லாபம் வேறு. போல்ட்டின் பேட்டரி பழைய வடிவமைப்பு, செலவு பிடிக்கும். மிச்சிகனில் அது தயாரான ஓரியன் தொழிற்சாலையில் அதே இடத்தைப் பெரிய மின்சார டிரக்குகளுக்குக் கொடுத்தால் வண்டிக்கு வண்டி காசு அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை. 20,000 டாலர்காரர் எங்கே போவார் என்ற வரிதான் அந்தப் பேரேட்டில் இல்லை.

எங்கே போனார்? செகண்ட் ஹேண்ட் கடைக்கு. 25,000 டாலருக்குள் டீலரிடம் வாங்கும் பழைய மின்சாரக் காருக்கும் 4,000 டாலர் வரை சலுகை இருந்தது. 2024-லிருந்து அதை டீலரிடமே விலையில் கழித்துக்கொள்ள முடிந்தது. அங்கே அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு என்பதல்ல. "பேட்டரி மாத்தியாச்சா?"

ஏனென்றால், 2017-ல் வாங்கிய வண்டிக்குக்கூட 2022-ல் இலவசமாகப் புது பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தார்கள். புதுசு கொஞ்சம் பெரியது, 417 கிலோமீட்டர் ஓடும். அதற்குத் தனியாக எட்டு வருஷ வாரண்டி வேறு. மானத்தை வாங்கிய அதே கோளாறு, பழைய வண்டிக்கு மவுசு கூட்டிவிட்டது. 2020 மாடல் முதல் வந்த வண்டிகளுக்குப் பின்னாளில் இந்த யோகம் குறைந்துவிட்டது. பல வண்டிகளுக்கு ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, 10,000 கிலோமீட்டர் வரை 80 சதவிகிதத்துக்கு மேல் ஏறாதபடி கட்டி வைத்தார்கள். கோளாறு தென்பட்டால்தான் புது பேட்டரி.

வாங்கியவருக்கு உபயோகப்பட்டதா? சொந்த வீடு, அதில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் பிரமாதம். ராத்திரி சொருகி, காலையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகலாம். ஃப்ளாட்டில் குடியிருந்து தெருவில் நிறுத்துகிறவருக்குக் கஷ்டம். வெளியூர்ப் பயணமும் அப்படித்தான். ஹைவே சார்ஜரில் 55 கிலோவாட்டுக்கு மேல் இந்தக் கார் குடிக்காது. மற்றவர்கள் அரை மணியில் கிளம்பிப் போக, இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2024-ல் அடாப்டர் வாங்கினால் டெஸ்லா சார்ஜரிலும் சொருகலாம் என்று ஆனது. இடம் கிடைத்தது, வேகம் அதே.

ஓரியன் என்ன ஆயிற்று? டிரக் திட்டத்தை 2023 அக்டோபரில் தள்ளி வைத்தார்கள். பிறகு மறுபடி தள்ளினார்கள். 2025 ஜூனில், 2027 முதல் அங்கே பெட்ரோல் டிரக்குகளும் பெரிய எஸ்.யு.வி.க்களும் தயாராகும் என்று சொல்லிவிட்டார்கள். போல்ட்டைத் துரத்தி எடுத்த இடத்துக்குக் கடைசியில் பெட்ரோல்தான் குடிவந்தது.

வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் போல்ட் திரும்பி வரும் என்று 2023 ஜூலையிலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னபடி புது போல்ட் வந்தது. கான்சாஸில் தயாரிப்பு, விலை 28,995 டாலர், 150 கிலோவாட் சார்ஜிங், அதுவும் குறுகிய காலத்துக்கு மட்டும். அதை அறிவித்தது 2025 அக்டோபர் 9-ம் தேதி. 7,500 டாலர் வரிச்சலுகை செப்டம்பர் 30-ம் தேதியோடு முடிந்திருந்தது.