‘22/7 எனக் கொள்க’

“பை இன் பெறுமானம் 22/7 எனக் கொள்க.” ஓ.எல் கணிதம் செய்த எல்லாருக்கும் பழக்கமான வரி. ஏன் அப்படிக் கொள்ள வேணும் எண்டு நாங்கள் பெரிதாகக் கேட்பதில்லை. சூத்திரம் பாடம், புள்ளி வரும், அவ்வளவுதான்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது முக்கோணி. ஒரு வட்டத்தை மையத்திலிருந்து மிக மெல்லிய துண்டுகளாக வெட்டுவதாக நினையுங்கள். ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட ஒரு முக்கோணி. உயரம் ஆரை, அடிகளையெல்லாம் கூட்டினால் பரிதி. ஆகவே வட்டத்தின் பரப்பளவு, பரிதியின் அரைவாசியை ஆரையால் பெருக்க வருவது. ஆரை 7 செ.மீ. என்றால் பரிதி ஏறத்தாழ 44, அரைவாசி 22, பரப்பளவு 154 சதுர செ.மீ.

வட்டமும் அந்த முக்கோணியும் பரப்பளவில் சமன் என்பதை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கியூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். பிறகு வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பல்கோணிகளை வைத்துக் கணித்து, பை 223/71ஐ விடப் பெரியது, 22/7ஐ விடச் சிறியது என்றார். நாங்கள் பாவிக்கும் 22/7 அவருடைய மேல் எல்லை மட்டும்தான்.

இதே விதி சீனாவின் பழைய கணித நூலிலும் இருந்தது. ஆனால் அங்கே பை வெறும் 3. கி.பி. 263இல் அதற்கு உரை எழுதிய லியூ ஹுய், 3 என்பது வட்டத்துக்கு உரியதல்ல, அதற்குள் வரையும் அறுகோணிக்கு உரியது எண்டு காட்டினார். பக்கங்களைக் கூட்டிக்கூட்டி 3.14க்கு வந்தார். 499இல் ஆரியபட்டர் 62832/20000 என்று எழுதி, அது அண்ணளவுதான் என்றும் சொல்லிவைத்தார். தமிழில் கணக்கதிகாரமும் அரைப் பரிதியை அரை விட்டத்தால் பெருக்கச் சொல்கிறது.

இதை வைத்து ‘ஆர் முதல்?’ எண்டு சண்டை பிடிக்கலாம். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. விதி சரியாக இருந்தும், 3 என்ற எண் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. பாடமாக்கினவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். கேள்வி கேட்டவர்தான் திருத்தினார். எங்கட வகுப்பறைகளில் இரண்டாவது ஆளுக்கும் இடம் வேணும்.