ரக்பி லீக் ஆட்டத்தில் நடுவரும் பெனால்டி எண்ணிக்கையும்

ரக்பி லீக் என்பது அணிக்கு 13 பேர் ஆடும் பந்தாட்டம் ஆகும். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடபகுதிக் கழகங்கள் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்ததில் இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று இது ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களில் பெரும் செல்வாக்குடன் விளங்குகிறது. அங்கே ஓர் அணி தோற்றால், எதிரணிக்கு எத்தனை பெனால்டி கிடைத்தது என்ற கேள்வி உடனே எழும். அந்த எண்ணிக்கைதான் வெற்றியை முடிவு செய்கிறதா?

பெனால்டியின் மதிப்பு

எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பது 'ட்ரை' எனப்படும். அதற்கு 4 புள்ளிகள். பெனால்டியைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 2 புள்ளிகள். ஆனால் பெனால்டியின் பெரிய பயன் வேறு. 1966 வரை பந்து வைத்திருக்கும் அணியை எத்தனை முறை மடக்கிப் பிடித்தாலும் பந்து அதனிடமே இருக்கும். அவ்வாண்டு இங்கிலாந்திலும் அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நான்கு டேக்கிள் வரம்பு வந்தது. 1970களின் தொடக்கத்தில் அது ஆறாக உயர்ந்தது. அதன்பின் ஒவ்வொரு பெனால்டியும் புதிதாக ஆறு வாய்ப்புகளைத் தருகிறது. ஓயாமல் தடுத்தாடும் அணி களைத்துப்போகிறது.

2019 இறுதிப் போட்டி

சிட்னி ரூஸ்டர்ஸ், கான்பெரா ரெய்டர்ஸ் அணிகள் மோதிய 2019 இறுதிப் போட்டி இதற்கு நல்ல சான்று. இரண்டாம் பாதியில் ரூஸ்டர்ஸ் வீரர் கூப்பர் க்ரோங்க் 10 நிமிடம் வெளியேற்றப்பட்டார். அந்தப் பெனால்டியால் கான்பெரா 8-8 எனச் சமன் செய்தது. ஆனால் எதிரணியில் 12 பேரே இருந்தபோதும் அதற்கு மேல் புள்ளி எடுக்க முடியவில்லை.

ஆட்டம் முடியச் சுமார் 10 நிமிடங்கள் இருக்கையில், கான்பெராவுக்கு மீண்டும் ஆறு டேக்கிள் என நடுவர் கையசைத்தார். உடனே அதை மாற்றினார். மாற்றத்தை அறியாத ஜாக் வைட்டன் பந்துடன் பிடிபட, பந்து ரூஸ்டர்ஸிடம் சென்றது. சற்று நேரத்தில் ஜேம்ஸ் டெடெஸ்கோ ட்ரை எடுத்தார். ரூஸ்டர்ஸ் 14-8 என வென்றது. இந்தக் கையசைப்பு எந்தப் பெனால்டி கணக்கிலும் வராது.

எண்ணிக்கை சொல்லாதது

பின்தள்ளப்படும் அணி தடுமாறித் தவறு செய்கிறது. எனவே பெனால்டி மிகுவது பல நேரங்களில் தோல்வியின் காரணமன்று, அதன் அறிகுறி. சில அணிகள் தம் கோட்டருகே ட்ரையைத் தடுக்க வேண்டுமென்றே விதியை மீறி, 2 புள்ளிகளை விட்டுக்கொடுப்பதும் உண்டு.

2018 இல் ஆஸ்திரேலியாவில் நடுவர்கள் கண்டிப்பைக் கூட்டியபோது, க்ரொனல்லா, மெல்போர்ன் அணிகளின் ஆட்டம் ஒன்றில் 33 பெனால்டிகள் தரப்பட்டன. ஆட்டத்தின் ஓட்டம் தடைபடுவதாகக் குறை எழுந்தது. 2020 மே மாதம் முதல், டேக்கிளுக்குப் பின் நிகழும் சிறு மீறல்களுக்குப் பெனால்டிக்குப் பதிலாக 'மீண்டும் ஆறு' என்ற முறை அங்கே வந்தது. இதனால் பெனால்டி எண்ணிக்கை மட்டும் நடுவரின் பங்கை முழுமையாகக் காட்டுவதில்லை.

முடிவு

நடுவரின் ஒரு தீர்ப்பு நெருக்கமான ஆட்டத்தின் போக்கை மாற்றக்கூடும். ஆயினும் எத்தனை பெனால்டி என்பதைவிட, அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் தரப்பட்டது, அதன்பின் கிடைத்த ஆறு டேக்கிள்களை அணி எப்படிப் பயன்படுத்தியது என்பவையே முதன்மையானவை.