தன்னுண்ணலும் பாஸ்பேட் பூட்டும்

செல் தன் பழுதடைந்த புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்துவது தன்னுண்ணல், அதாவது ஆட்டோபேஜி. பட்டினியில் இது கூடும். உணவு கிடைத்தால் குறையும். புரதத்தில் பாஸ்பேட் தொகுதி சேரும் பாஸ்பரிகரணமே இதை அடக்கவும் தூண்டவும் செய்கிறது. இவ்வுண்மை வெளிப்பட ஒரு மருந்து உதவியது.

1964இல் கனடா நாட்டுக் குழு ஒன்று பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் மாதிரிகளைச் சேகரித்தது. அம்மண்ணிலிருந்த பாக்டீரியத்திலிருந்து, மாண்ட்ரியல் நகரின் அயர்ஸ்ட் ஆய்வகத்தில் சுரேன் சேகல் குழுவினர் பூஞ்சைக்கொல்லி ஒன்றைப் பிரித்தெடுத்து 1975இல் அறிவித்தனர். ராப்பா நூயி என்ற தீவின் பெயரால் அது ராப்பாமைசின் ஆயிற்று. சேகல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1980களில் மாண்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டபோது, அந்நுண்ணுயிரை வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்தார்.

1991இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஹைட்மன், மொவ்வா, ஹால் ஆகியோர் ஈஸ்ட்டில் அம்மருந்தின் இலக்கைக் கண்டு 'டார்' எனப் பெயரிட்டனர். டார், புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் கைனேஸ் நொதி. 1998இல் ஜப்பானின் நோடாவும் ஒசுமியும் ராப்பாமைசின் கொடுத்தபோது, உணவிருந்தும் ஈஸ்ட்டில் தன்னுண்ணல் தொடங்கியது. டார்தான் பூட்டு என்பது தெளிவாயிற்று.

பாலூட்டிகளின் செல்களில் பூட்டப்படுவது உல்க்1 என்னும் நொதி என 2011இல் விளக்கப்பட்டது. உணவு மிகுந்தால் டார் அதில் ஓரிடத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்து அடக்குகிறது. ஆற்றல் குறைந்தால் ஏஎம்பிகே நொதி வேறிடங்களில் சேர்த்துத் தூண்டுகிறது. பாஸ்பேட் ஒன்றே; சேரும் இடமே விளைவை மாற்றுகிறது.

1999இல் ராப்பாமைசின் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். சேகல் 2003இலேயே மறைந்துவிட்டார்.