பழைய காரும் மார்ச் 31-ம்: ஒரு தானக் கணக்கு

திருவாரூர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தேர்தான். கன்றுக்குட்டி மேல் ஏறிய மனுநீதிச் சோழன் மகனின் தேர் ஒன்று. ஊரே கூடி வடம் பிடிக்கும் ஆழித்தேர் இன்னொன்று. (ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது தனிக்கதை.) இது தவிர மூன்றாவதாக ஒரு தேரும் உண்டு. அது கல்வெட்டில் மட்டும் ஓடுகிறது.

முதலாம் ராஜேந்திர சோழனின் 20-ம் ஆட்சியாண்டு, அதாவது 1031-32 வாக்கில், ராஜா தேரில் ஏறி திருவாரூர் கோயிலுக்கு வருகிறார். பக்கத்தில் அவருடைய அணுக்கியார் பரவை நங்கையார். தியாகராஜர் கோயிலைக் கருங்கல்லால் கட்டி, தங்கம் வேய்ந்த திருப்பணி அந்த அம்மையாரின் ஆசையால் நடந்தது. இருவரும் நின்று கும்பிட்ட இடம் தெரிவதற்காக அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்கள். இதெல்லாம் கோயில் சுவரிலேயே வெட்டியிருக்கிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் பிடித்த விஷயம் குத்துவிளக்கு இல்லை, எடைக்கணக்கு! திருப்பணிக்குப் போன தங்கம் 20,643 கழஞ்சு, செம்பு 42,000 பலம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கழஞ்சுக்கு 5 கிராம் என்று குறைத்துப் போட்டாலும் 100 கிலோ தங்கம். "ஏராளமான பொன்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி எழுதவில்லை. வாங்கிக் கொண்டவர்கள் நிறுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

சோழர் காலத்தில் தானம் என்பது பெரும்பாலும் பொருள்தான். நிலம், பொன், ஆடு, மாடு. ஒரு நந்தா விளக்குக்கு வழக்கமாக 96 ஆடு கொடுப்பார்கள். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டுக்கள் சொல்லும். ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனால் பொறுப்பேற்ற இடையர் எண்ணிக்கையைக் குறையாமல் பார்த்துக் கொண்டு, தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். 96 ஆட்டின் விலை என்ன என்று யாருக்கும் கவலை இல்லை. ஒரு விளக்கு எரிய எத்தனை நெய் வரும் என்பதுதான் கணக்கு. இந்த ஒரு பாயிண்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போதே தானத்துக்கும் வரிக்கும் சம்பந்தம் இருந்தது. கோயிலுக்குக் கொடுத்த நிலம் "இறையிலி", வரி இல்லாதது. ஆனால் வரி சும்மா மறைந்து போய்விடாது. ஒன்று, ராஜா அதை விட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தானம் செய்பவரே ஒரு மொத்தத் தொகையை ஊர்ச் சபையிடம் கட்டிவிடுவார், சபை அதை வைத்து வருஷா வருஷம் அந்த நிலத்தின் வரியைக் கட்டும். அதாவது கொடுப்பவருக்கு தானம் ஒரு செலவு, வரி இன்னொரு செலவு. கொடுத்ததற்காக அவர் வரி குறைந்தது என்ற பேச்சே இல்லை.

அந்தப் பேச்சு சுதந்திர இந்தியாவில்தான் வந்தது. 1922-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 15பி என்ற பிரிவைச் சேர்த்து, நன்கொடைக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள். 1961 சட்டத்தில் அது வேறு எண்ணில் வந்து, 1968 ஏப்ரல் முதல் 80ஜி ஆனது. ஆடிட்டர் ஆபீஸ்களில் மார்ச் மாதக் கடைசியில் அதிகம் அடிபடும் பெயர்களில் இதுவும் ஒன்று. (2025-ல் நிறைவேறிய புதிய சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள். பிரிவு எண் மாறினாலும் வாயில் 80ஜி என்றுதான் வரும்.)

ஏன் மார்ச் 31? 1867-ல் பிரிட்டிஷ் அரசு தன் ஊர்க் கணக்கோடு ஒத்துப் போக ஏப்ரல்-மார்ச் வருஷத்தை இங்கே கொண்டு வந்தது. டெல்டாவுக்கு அது தற்செயலாகப் பொருந்துகிறது. சம்பா அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் நேரம். ஆனால் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே கிடையாது. ஆகவே நெல் விற்ற மிராசுதாருக்கு 80ஜி ரசீது தேவைப்படவில்லை. அது கடைக்காரர், டாக்டர், வாத்தியார், பேங்க் ஆபீசர்களுக்கான விஷயம்.

சரி, இப்போது கார். திருவாரூரில் ஒருவரிடம் டிஎன்-50 நம்பர் போட்ட பழைய அம்பாசடர் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்று போனது. கார் ஷெட்டில் தூங்குகிறது. மார்ச் கடைசி வாரம் அதை ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒரு லட்சம் மதிப்பு என்று எழுதி வரியில் கழிக்கலாமா?

முடியாது. நன்கொடை பணமாக இருந்தால்தான் கழிவு, பொருளாக இருந்தால் இல்லை என்று 1976-ல் 80ஜி-க்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சந்தேகம் தீர்ப்பதற்காக என்று சட்டமே சொல்கிறது. சந்தேகம் அதோடு தீர்ந்து விடவில்லை. கம்பெனிப் பங்குகளை நன்கொடையாகக் கொடுத்துவிட்டுக் கழிவு கேட்ட ஸ்ரீ ராம வர்மா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1990-ல்தான் முடிந்தது. பங்கும் பொருள்தான், பணம் இல்லை என்றது கோர்ட். தினமும் விலை தெரியும் பங்குக்கே அந்தக் கதி என்றால் அம்பாசடர் எங்கே நிற்கும்?

அரசாங்கத்துக்கு ஏன் பொருள் மேல் இவ்வளவு சந்தேகம்? பதில் அமெரிக்காவில் இருக்கிறது.

அங்கே வரி வருஷம் டிசம்பர் 31-ல் முடியும். பழைய காரை அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அதன் சந்தை மதிப்பைக் கழித்துக் கொள்ளலாம் என்று சட்டம். சந்தை மதிப்பை யார் சொல்வது? கொடுப்பவரே சொல்லலாம்! காரை வந்து இழுத்துப் போக ஏஜெண்டுகள் முளைத்தார்கள். அவர்கள் ஏலத்தில் விற்று, தங்கள் பங்கை எடுத்துக் கொண்டு, மிச்சத்தை அறக்கட்டளைக்குத் தந்தார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு லாரியின் கதை வருகிறது. 1983 மாடல். கொடுத்தவர் வரிக் கணக்கில் காட்டியது 2,400 டாலர். ஏலத்தில் போனது 375 டாலர். ஏஜெண்ட் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் போய் நின்றது 63 டாலர். அதிலும் பாதி ஏஜெண்டுக்கு. அறக்கட்டளை கையில் வந்தது முப்பத்தொன்றரை டாலர்!

இரட்டைப் பதிவு முறை படித்தவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக் கொள்ள வேண்டும். ஒரே லாரி, டெபிட்டில் 2,400, கிரெடிட்டில் 31.50. வித்தியாசத்தில் பெரும் பகுதி யாருக்கும் போகாத வெறும் காற்று. அதன் மேல் கிடைத்த வரிச்சலுகை மட்டும் நிஜம்.

2004 அக்டோபர் 22-ல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்றியது. 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், அறக்கட்டளை அந்தக் காரை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் கழிவு. அறக்கட்டளையே காரை வைத்து ஓட்டினாலோ, ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் கொடுத்தாலோ சந்தை மதிப்பு. அமல் 2005 ஜனவரி 1. ஆக, 2004 டிசம்பர் 31 என்பது பழைய முறையில் பழைய காரைக் கொடுக்கக் கடைசி நாள்.

அந்தக் கடைசி வாரத்தில்தான், டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி வந்தது.

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் 25 கிலோமீட்டர்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நிவாரண லாரிகள் திருவாரூர் வழியாகத்தான் போயின. உலகமே அள்ளிக் கொடுத்தது. ஆனால் பொருளாகக் கொடுத்ததில் ஒரு பகுதியின் கதி பரிதாபம். உபயோகித்த துணிகள் மூட்டை மூட்டையாக வந்து, சாலையோரம் கொட்டிக் கிடந்தன. மீனவர் குடும்பத்துப் பெண்களுக்குத் தேவை சேலை. வந்ததில் அவர்கள் உடுத்தவே முடியாத உடைகளும் இருந்தன. எல்லாம் இழந்தவர்களுக்கும் மானம் உண்டு என்பது மூட்டை கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். அந்தத் துணி மலைகளைப் பிரித்து ஒழுங்கு செய்வதே தனி வேலை ஆனது.

இதற்கிடையே அமெரிக்காவில் 2005 ஜனவரி 7-ல் ஓர் அவசரச் சட்டம் கையெழுத்தானது. சுனாமி நிவாரணத்துக்கு ஜனவரி மாதம் கொடுக்கும் நன்கொடையை 2004 கணக்கிலேயே கழித்துக் கொள்ளலாம். நாகப்பட்டினம் மாதிரி ஊர்களுக்காக வரிக் கெடுவையே ஒரு மாதம் பின்னால் தள்ளினார்கள். ஒரே நிபந்தனை: பணமாக மட்டும். காருக்கு அந்த ஒரு மாதம் கிடைக்கவில்லை.

புதிய விதி வந்த பிறகு என்ன ஆனது? 2004-ல் சுமார் 9 லட்சம் பேர் கார் நன்கொடை என்று கழிவு கேட்டிருந்தார்கள், மொத்தம் 240 கோடி டாலர். 2005-ல் கேட்டவர்கள் சுமார் 3 லட்சம், தொகை 50 கோடி டாலருக்குள். மற்ற 6 லட்சம் பேரின் தர்ம சிந்தனை என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். பாதிப் பேராவது காரை நல்ல மனதோடு கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதியவர்கள் என்று எடுத்துக் கொள்வதுதான் நியாயம்.

அமெரிக்கர்களை மட்டும் சிரிப்பதும் சரியில்லை. நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு, 1970-ல் அது 15 ஆனது. பொது அறக்கட்டளைகளுக்கு விலக்கு இருந்தது. டெல்டாவில் திடீர் தர்மங்கள் முளைத்ததாகவும், நிலம் அதே குடும்பத்தின் பிடியிலேயே இருந்ததாகவும் விவசாயத் தொழிலாளர் இயக்கங்கள் பல காலம் குற்றம் சாட்டின. கார் சின்னது, நிலம் பெரியது. கூலிக்காரர்களுக்கு வந்திருக்க வேண்டிய நிலம் என்பதால் அந்தக் கணக்கில் ஏமாந்தது அரசாங்கம் மட்டும் இல்லை.

இந்தக் கதையில் சோழர் காலத்து இடையரின் உழக்கு நெய்யும், 2004 அமெரிக்கச் சட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கொடுத்தவர் சொல்லும் விலை இல்லை, வாங்கியவருக்கு அதனால் என்ன வந்தது என்பதே கணக்கு. 80ஜி அந்தச் சிரமத்தையே படாமல் கதவைச் சாத்திவிட்டது. மோசடிக்கு இடமில்லை, உண்மைதான். ஆனால் நிஜமாகவே வேன் தேவைப்படும் ஓர் இல்லத்துக்கு நல்ல வண்டியைக் கொடுப்பவருக்கும் அதே பூஜ்யம்தான்.

அந்த அம்பாசடருக்கு வருவோம். இருக்கும் வழி, விற்றுப் பணமாகக் கொடுப்பது. 60,000 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக் கொண்டால், சொந்த உபயோகத்துக் காரில் வரும் லாபத்துக்கு வரி இல்லை. பணத்தை செக்காகவோ வங்கி வழியாகவோ மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு 50 சதவீதம்தான், ஆக 30,000 கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் 6,000, செஸ் சேர்த்தால் கொஞ்சம் கூட. அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். 2023-24 முதல் தானாக வரும் புதிய முறையில் இந்தக் கழிவே இல்லை.

வரி வேண்டாம், வண்டியாகவே கொடுக்கிறேன் என்பவர் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்தால், நாளைக்கு விபத்து நடந்தால் பதிவில் உள்ள உரிமையாளர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. அது போக டயர், பேட்டரி, இன்சூரன்ஸ். இதையெல்லாம் கட்டிக் கொடுத்து, பெயரையும் மாற்றிக் கொடுத்தால் இல்லத்துப் பிள்ளைகள் அடுத்த நாளே ஏறிப் போகலாம். கட்டாமல் கொடுத்தால் அவர்கள் ஷெட்டில் தூங்கும்.