தொங்கலில் ஒரு நீல நூல்

அவுரிச் சாயத் தொட்டியருகே வளர்ந்தவன் நான். பச்சையாக வெளியே வரும் நூல் காற்றுப் பட்டதும் நீலமாவதை இன்றும் அலுக்காமல் பார்ப்பேன். அதனாலேயே யூதர்களின் நீல நூல் வரலாறு எனக்கு மிக நெருக்கமானது.

ஆடையின் முனைகளில் தொங்கல் கட்டி, அதில் நீல நூல் சேர்க்க வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கடவுளின் கட்டளைகள் நினைவுக்கு வர வேண்டும் என்கிறது விவிலியத்தின் எண்ணாகமம் 15-ஆம் அதிகாரம். வயலில் நின்றாலும் சந்தையில் விலை பேசினாலும் கண்ணில் படும்படி அந்த நினைவூட்டல் உடம்போடு இருந்தது.

அந்த நீலம் மத்தியதரைக் கடல் நத்தையிலிருந்து வந்தது. ஒரு நத்தையில் கிடைப்பது சில துளிதான். விலையோ மிக அதிகம். அவுரியும் அதே நிறம் தரும், மலிவாக. அவுரி நூலை நத்தை நூலென்று ஏமாற்றுபவனைக் கடவுளே தண்டிப்பார் என்று யூதச் சமய நூலான தல்மூது எச்சரித்தது. கட்டளையை நினைவூட்டும் நூலிலேயே பொய் கூடாது என்ற அந்தக் கண்டிப்பு ஒவ்வொரு சாயக்காரனுக்கும் பொருந்தும்.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு நத்தைச் சாயத் தொழில் மறைந்தது. யூதர்கள் வெள்ளை நூலை மட்டும் கட்டி வழக்கத்தைக் காத்தார்கள். 1980-களில் இஸ்ரேலிய வேதியியலாளர் ஓட்டோ எல்ஸ்னர், நத்தைச் சாயக் கரைசலில் வெயில் பட்டால் ஊதா நீங்கி நீலம் கிடைப்பதைக் கண்டறிந்தார். இன்று பலர் மீண்டும் நீல நூல் கட்டுகிறார்கள்.

கட்டளை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. நாம் தொழில் செய்யும் இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும்.