பீரங்கிக் குண்டின் விட்டமும் கனமூலமும்

கோளம் ஒன்றின் கன அளவு, அதைச் சரியாக உள்ளடக்கும் உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். எனவே விட்டமும் அடர்த்தியும் தெரிந்தால் கோளத்தின் எடையைக் கணக்கிடலாம். பீரங்கிப் படையினருக்குத் தேவைப்பட்டதோ இதன் தலைகீழ்க் கணக்கு.

பல நாடுகளில் பீரங்கிகள், அவை சுடும் இரும்புக் குண்டின் எடையால் 12 பவுண்டு, 24 பவுண்டு என அழைக்கப்பட்டன. ஆனால் குண்டு குழலுக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்வது விட்டமே. பெரிய குண்டு குழலில் சிக்கிக்கொள்ளும். மிகச் சிறியதானால் வெடிமருந்தின் வாயு இடைவெளி வழியே வெளியேறி, குண்டின் வேகம் குறையும்.

சூத்திரத்தைத் திருப்பி எழுதுவது கடினமன்று. எடையை அடர்த்தியால் வகுத்து, 6ஆல் பெருக்கி, 'பை' மதிப்பால் வகுத்து, கனமூலம் கண்டால் விட்டம் கிடைக்கும். சிக்கல் முழுவதும் அந்தக் கனமூலத்தில்தான் இருந்தது. எடை இரு மடங்கானால் விட்டம் ஏறத்தாழ 1.26 மடங்கே ஆகிறது. போர்க்களத்தில் இதைக் கையால் கணக்கிட எவருக்கும் பொழுதிராது. ஆகவே விடைகள் கருவிகளில் பொறிக்கப்பட்டன.

நூரம்பெர்க் நகரின் கியோர்க் ஹார்ட்மான் 1540இல் இத்தகைய அளவுகோலை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. பதுவா பல்கலைக்கழகத்தில் கற்பித்த கலிலியோ, தம் இராணுவக் கவராயத்தில் பல்வேறு உலோகங்களுக்கும் கல்லுக்கும் உரிய கோடுகளைச் சேர்த்தார். ஒரு குண்டின் எடையும் விட்டமும் தெரிந்தால், வேறு பொருளாலான, வேறு எடையுள்ள குண்டின் விட்டத்தையும் அதில் காணலாம். அதன் கையேட்டை 1606இல் 60 படிகள் மட்டுமே அச்சிட்டார். மறு ஆண்டே பல்தசாரே காப்ரா என்பவர் அக்கருவியைத் தமதாக்கி நூல் வெளியிட, கலிலியோ முறையிட்டு வென்றார்.

பின்னர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன், 4 அங்குல விட்டமுள்ள இரும்புக் குண்டு 9 பவுண்டு என்பதை அடிப்படையாகக் கொண்டார். எடையை 64/9ஆல் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் விட்டம் அங்குலத்தில் வரும். அடர்த்தியும் 'பை'யும் அந்த ஒரே எண்ணில் அடங்கிவிட்டன. 12 பவுண்டுக் குண்டுக்கு விடை 4.40 அங்குலம். குண்டு தடையின்றி உள்ளே செல்வதற்காகக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 4.62 அங்குலமாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் நீள்வடிவ எறிகுண்டுகள் பரவியதும் இக்கணக்கு பயனற்றுப்போனது. பெயர் மட்டும் தங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பயன்படுத்திய 25 பவுண்டுப் பீரங்கியின் குழல் விட்டம் 3.45 அங்குலமே, ஹட்டனின் விதிப்படி அந்த எடையுள்ள இரும்புக் கோளத்தின் விட்டம் 5.62 அங்குலம்.