இருக்கை கேட்டவர்களும் எழுந்து நடந்தவரும்: மாற்கு 8:22–10:52 காட்டும் சீடத்துவம்

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இருமுறை கேட்கிறார். முதலில் செபதேயுவின் மக்களான யாக்கோபிடமும் யோவானிடமும் (10:36). அடுத்து, எரிகோவுக்கு வெளியே சாலையோரம் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பர்த்திமேயுவிடம் (10:51). தாம் என்ன செய்து தர வேண்டும் என்பதே கேள்வி. சகோதரர் இருவரும் இயேசுவின் மாட்சியில் அவருக்கு வலப்புறம் ஒருவரும் இடப்புறம் ஒருவருமாக அமர இடம் கேட்கிறார்கள். பார்வையற்ற பர்த்திமேயு பார்வை கேட்கிறார். கிடைத்ததும் இயேசுவுக்குப் பின்னால் வழிநடக்கிறார். நடந்துகொண்டிருந்தவர்கள் உட்காரக் கேட்க, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நடந்துவிட்டார்.

இந்த எதிர்நிலையை மாற்கு தெரிந்தே அமைத்திருக்கிறார். சீடர் என்பவர் யார் என்று இந்த நற்செய்தி அளக்கும் அளவுகோல் இதில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். சீடர்கள் இயேசுவைப் புரிந்துகொள்ளாமல் போவதற்கு மாற்கு காட்டும் முதன்மையான காரணம் அறிவுக் குறைவோ விசுவாசக் குறைவோ என்பதைவிட, தங்கள் இடத்தையும் வரிசையையும் பற்றிய கவலைதான். அப்படியானால் இன்றைக்குச் சீடத்துவம் பற்றிப் பேசுகிற எவரும் தனிமனித பக்தியிலிருந்து தொடங்க முடியாது. திருச்சபைக்குள் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

பகுதியின் எல்லையை முதலில் பார்ப்போம். பெத்சாயிதாவில் ஒரு பார்வையற்றவர் குணமாவதில் இது தொடங்குகிறது (8:22–26). பர்த்திமேயு குணமாவதில் முடிகிறது. முதலாமவருக்கு ஒரே தொடுகையில் பார்வை முழுமையாக வரவில்லை. மனிதர்கள் மரங்கள் நடமாடுவதுபோலத் தெரிகிறார்கள். இயேசு மறுபடியும் கைவைக்க வேண்டியிருக்கிறது. இப்படி இரு கட்டமாக நடக்கும் குணமளிப்பு மற்ற மூன்று நற்செய்திகளில் இல்லை. உடனே வருவது பிலிப்புச் செசரியாவில் பேதுருவின் அறிக்கை. இயேசுவை மெசியா என்று சொல்லும் அளவுக்குப் பேதுருவுக்குத் தெரிகிறது. அவர் பாடுபட்டுச் சாக வேண்டியவர் என்பது தெரியவில்லை. பாதிப் பார்வை. இரண்டு பார்வையற்றோர் கதைகளுக்கும் நடுவில், எருசலேமை நோக்கிப் போகும் வழியில், தமக்கு வரப்போவதை இயேசு மூன்று முறை சொல்கிறார் (8:31, 9:31, 10:33–34). மூன்று முறையும் சீடர்கள் தவறுகிறார்கள். தவறியவர்களுக்கே மூன்று முறையும் போதனை கிடைக்கிறது.

இந்த அமைப்பு தொடர்ந்து வாசிப்பவருக்குத்தான் கண்ணில் படும். நம் ஆலயங்களில் கேட்கப்படுகிற மாற்கு பெரும்பாலும் துண்டு துண்டான மாற்கு. கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்தவை. அதில் இரண்டாம் ஆண்டு மாற்குக்கு உரியது. பெத்சாயிதா நிகழ்ச்சி அந்த ஞாயிறுகளில் இடம்பெறவில்லை. இன்னும் முக்கியமானது, மூன்றாவது முன்னறிவிப்பும் இல்லை. ஒரு ஞாயிறு பணக்காரர் கதையும் அதைத் தொடரும் உரையாடலும் வாசிக்கப்படுகின்றன. அடுத்த ஞாயிறு நேரே செபதேயு மக்களின் விண்ணப்பம். இடையிலுள்ள 10:32–34 விழுந்துவிடுகிறது. தம்மை ஏளனம் செய்வார்கள், துப்புவார்கள், சாட்டையால் அடிப்பார்கள், கொல்வார்கள் என்று இயேசு சொல்லி முடித்த அந்த நொடியில் இவர்கள் நாற்காலி கேட்டார்கள் என்பது, வாசகத்தைக் கேட்கிற சபைக்குத் தெரியாமலே போகிறது. கதையின் கூர்மை அந்த மூன்று வசனங்களில்தான் இருக்கிறது. வேதபாட வகுப்பானாலும் அன்பியக் கூட்டமானாலும், 8:22 முதல் 10:52 வரை ஒரே அமர்வில் உரக்க வாசித்துவிட்டுப் பேசத் தொடங்குவதே நல்லது. அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது.

சீடர்களை மாற்கு ஏன் இவ்வளவு மங்கலாகத் தீட்டினார் என்ற கேள்வி ஆய்வுலகில் பழையது. தியடோர் வீடன் 1971இல் வெளியிட்ட நூலில் கடுமையான விடை ஒன்றைத் தந்தார்: மாற்கு தம் சமூகத்தில் வல்லமையையும் அற்புதத்தையும் மட்டுமே கொண்டாடிய ஒரு குழுவை எதிர்க்கிறார், அந்தக் குழுவின் முகமாகப் பன்னிருவரை நிறுத்துகிறார். ராபர்ட் டானஹில் 1977இல் எழுதிய கட்டுரை வேறு வழியில் போயிற்று. வலைகளை விட்டு உடனே புறப்பட்டவர்களோடு வாசகர் முதலில் தம்மை இணைத்துக்கொள்கிறார். பிறகு அவர்கள் தவறத் தவற, தம்மையே கேள்வி கேட்க வேண்டியவராகிறார் என்பது அவர் கருத்து. எனக்கு டானஹில் சொல்வதே சரியென்று படுகிறது. கல்லறையில் பெண்களிடம் சொல்லப்படும் செய்தியில் சீடர்களும், தனியே பெயர் சொல்லிப் பேதுருவும் இடம்பெறுகிறார்கள் (16:7). எதிரிகளாகத் தள்ளப்பட்டவர்களுக்குக் கலிலேயாவில் சந்திப்பு குறிக்கப்படாது. ஆனால் டானஹிலோடு நின்றுவிடவும் முடியாது. வாசகர் எந்த விஷயத்தில் தம்மைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதையும் மாற்கு குறிப்பாகவே சொல்கிறார்.

இரண்டாவது முன்னறிவிப்பை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். இயேசு சொன்னது சீடர்களுக்குப் புரியவில்லை; கேட்கவும் பயந்தார்கள் (9:32). கப்பர்நாகூமில் வீட்டுக்கு வந்ததும், வழியில் எதைப் பற்றி விவாதித்தீர்கள் என்று இயேசு விசாரிக்கிறார். பதில் இல்லை. தங்களுக்குள் யார் பெரியவர் என்பதுதான் வழிநெடுகப் பேச்சு (9:34). சிலுவையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. வரிசையைப் பற்றிப் பேச வாய் ஓயவில்லை. சீடர்களின் குறை பயம்தான், விசுவாசமின்மைதான் என்று சொல்பவர்கள் படகில் நடந்ததைக் காட்டுவார்கள் (4:40). அது உண்மை. ஆனால் வழிப்பயணத்தில் அந்தப் பயம் என்ன வேலை செய்கிறது என்பதை இந்த இடம் காட்டிவிடுகிறது. தலைவர் அவமானப்பட்டுச் சாவார் என்றால் தங்கள் கணக்கு என்னாகும் என்ற பயம் அது. உரோமை ஆட்சியில் சிலுவை, அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. அதைச் சுமந்துவரச் சொல்வது (8:34) உயிரை விடத் தயாராயிருக்கச் சொல்வது மட்டுமில்லை. சமூகத்தின் கடைசிப் படிக்கு இறங்கி நிற்கச் சொல்வதுமாகும்.

ஒரு தடை எழலாம். பேய் பிடித்த சிறுவனைக் குணமாக்கச் சீடர்களால் முடியாமல் போனது (9:14–29) அந்தஸ்து விவகாரமா? அங்கே இயேசு காட்டும் காரணம் வேண்டுதல்தானே? ஆம், அந்தக் காட்சியை மட்டும் எடுத்தால் அப்படித்தான். ஆனால் அதே அதிகாரத்தில், கொஞ்சம் தள்ளி, இயேசுவின் பெயரால் பேய் ஓட்டுகிற ஒருவரைத் தாங்கள் தடுத்ததாக யோவான் சொல்கிறார் (9:38). தங்களால் ஆகாததை வெளியாள் ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். அவர் தங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவரில்லை என்பதே தடுத்ததற்குக் காரணம். இயேசு ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி, அணைத்துக்கொண்டு பேசியதற்கு அடுத்ததாகவே இது வருகிறது. ஊழியத்துக்கு உரிமைப்பட்டயம் கேட்கும் நம் சபைப்பிரிவுகள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இருக்கைக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இருக்கை உருவகமாக இருந்ததில்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே கைவிடப்பட வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலத்த எதிர்ப்பு எழுந்தது. யார் எங்கே அமர்வது, நற்கருணைப் பந்திக்கு யார் முன்னால் வருவது என்பவைதான் தகராறு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயமே இரு கால்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது; இரு சாதியினரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பலிபீடத்தைப் பார்க்கலாம். அதன் நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டதும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சபைகளில் மாற்கு வாசிக்கப்படாமல் இருந்திருக்காது. சீகன்பால்க் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இலேயே அச்சிட்டு முடித்திருந்தார். பத்தாம் அதிகாரம் கையிலிருந்தும் இருக்கை கலையவில்லை. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்துதான் கிடக்கிறது. சேகரக் கமிட்டி முதல் திருமண்டலப் பெருமன்றம் வரை நடக்கிற தேர்தல்களில் வலமும் இடமும் எவ்வளவு மும்முரமாகக் கேட்கப்படுகின்றன என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு இயேசுவின் வலத்திலும் இடத்திலும் யாருக்கு இடம் கிடைத்தது என்பதை மாற்கு மறக்காமல் எழுதியிருக்கிறார்: சிலுவையில் அறையப்பட்ட கள்வர் இருவருக்கு (15:27).

இங்கே ஒரு தவறான பயன்பாட்டைத் தடுத்தாக வேண்டும். பெரியவராக விரும்புகிறவர் பணியாளராக வேண்டும் என்ற போதனையை (10:43–44), ஏற்கெனவே பணி செய்தே தேய்ந்தவர்களிடம் சொல்லும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணிடமும், அசன விருந்தில் பாத்திரம் தேய்ப்பவரிடமும் தாழ்மையைப் பிரசங்கிக்கிறோம். மாற்கு அப்படிச் செய்யவில்லை. இந்தப் போதனை மேலிடம் கேட்டவர்களுக்கும், அதைக் கேட்டுக் கோபப்பட்ட மற்றப் பத்துப் பேருக்கும் சொல்லப்பட்டது. பர்த்திமேயுவை வாயடைக்கச் சொன்னது கூட்டம் (10:48). இயேசு நின்று, அவரைக் கூப்பிடச் சொல்லி, அவர் விருப்பத்தைக் கேட்டார். மாற்கின் மக்கள்திரளை ஒடுக்கப்பட்டோரின் திரளாகக் கண்டவர் கொரிய இறையியலாளர் ஆன் பியுங்-மு. அந்தப் பார்வைக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அந்தத் திரளே தனக்குக் கீழே இருந்தவரை அதட்டியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். படிநிலை எங்கேயும் இரண்டு படியோடு நிற்பதில்லை.

பன்னிருவர் ஓடிப்போன பிறகு சிலுவையைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களாக மாற்கு பெயரிடுவது பெண்களை: மகதலா மரியா, சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியா, சலோமி (15:40–41). கலிலேயாவிலிருந்தே பின்தொடர்ந்து பணிவிடை செய்தவர்கள் இவர்கள் என்று அப்போதுதான் நமக்குச் சொல்கிறார். சீடருக்கு அவர் வகுத்த இலக்கணம் முழுவதும் இவர்களிடம் இருந்திருக்கிறது. யாரும் இவர்களுக்கு இடம் ஒதுக்கியதில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டோமே என்று பேதுரு சொன்னபோது இயேசு தந்த மறுமொழியில் (10:29–30) இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. விட்டவற்றில் வீடு, சகோதரர், சகோதரிகள், தாய், தந்தை, பிள்ளைகள், நிலபுலன்கள் வருகின்றன. நூறு மடங்காகக் கிடைப்பவற்றில் வீடுகளும் சகோதரரும் சகோதரிகளும் தாய்மாரும் பிள்ளைகளும் நிலபுலன்களும் உண்டு. தந்தையர் மட்டும் இல்லை. அந்தக் காலத்துக் குடும்பத்தில் தந்தைதான் வரிசையை நிர்ணயித்தவர். யாக்கோபும் யோவானும் விட்டு வந்தது, கூலியாட்கள் வைத்துத் தொழில் நடத்திய ஒரு தந்தையை (1:20). புதிய குடும்பத்தில் அந்த நாற்காலி காலியாகவே விடப்படுகிறது. அந்த இருவரும் கேட்டது அதைத்தானோ என்று தோன்றுகிறது.

இந்தக் குடும்பம் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் தெளிவான விடை ஒன்று உண்டு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜேம்ஸ் தியோஃபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், ‘ஒரு உலை’ என்பதைத் தம் இறையியலின் மையத்தில் வைத்தார். தனித்தனி அடுப்பு தனித்தனிச் சாதியைக் காக்கிறது. எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் கொதித்து, எல்லாரும் சேர்ந்து உண்ணும்போது அந்தக் காவல் உடைகிறது. நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தபோதும் அவர் நாடியது இதைத்தான். வனாந்தரத்தில் ஐயாயிரம் பேரைப் பந்தி பந்தியாக உட்காரவைத்த காட்சியில் (6:39–40) யாருக்கு முதல் பந்தி என்ற பேச்சே இல்லை.

அந்த இரண்டாவது பட்டியலில், நிலபுலன்களுக்குப் பிறகு, மாற்கு ஒன்றைச் சேர்க்கிறார். மத்தேயுவிலும் லூக்காவிலும் இதே இடத்தில் அது இல்லை. இவையெல்லாம் துன்புறுத்தல்களோடுகூடக் கிடைக்கும் என்பதே அது. உரோமை அதிகாரிகளை மட்டும் நினைத்து இதைப் படிப்பது வழக்கம். வடக்கன்குளத்தை அறிந்தவர்கள் வேறு விதமாகவும் படிக்கலாம். சாதி கலைந்த உலையில் அரிசி போடுகிறவரை முதலில் வந்து கேட்பது ஊராட்சித் தலைவரோ காவல் நிலையமோ இல்லை; அதே ஆலயத்தில், அதே ஞாயிறு, பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள்தான்.